வட்ஸ்அப்பில் பரவிய பாட்டும் வந்து சேராத ரோயல்டியும்

கேட்கப்பட்ட விஷயம் இது. திருகோணமலையில் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டுச் செய்தார்கள். ஒருவர் வரி, ஒருவர் மெட்டு, ஒருவர் குரல், நாலாமவர் கீபோர்ட் புரோகிராமிங். உப்புவெளியில் ஒரு வீட்டு ஸ்டூடியோவில் பதிந்து, மிக்ஸிங் முடிந்த அன்று இரவே எம்பி3 கோப்பை இரண்டு வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். மூன்று மாதத்தில் அது மட்டக்களப்பு பஸ்ஸிலும் கிண்ணியா ஓட்டோக்களிலும் லண்டன் கலியாண வீட்டிலும் ஒலிக்கிறது. யாரோ ஒருவர் கோணேசர் கோயில் மலைப் படத்தை ஒட்டி யூடியூப்பில் ஏற்றி, இரண்டு இலட்சம் பார்வை போய்விட்டது. செய்தவர்களுக்கு ஒரு சதம் வரவில்லை. இப்போது தாங்களே ஏற்றப் போனால், இந்தப் பாட்டுக்கு வேறொருவர் உரிமை கோரியிருக்கிறார் என்று யூடியூப் சொல்கிறது. பகிர்வதை நிறுத்த முடியுமா, ரோயல்டி எங்கிருந்து எப்படி வரும் என்று கேட்கிறார்கள்.

பகிர்ந்த சனங்களை முதலில் விட்டுவிடுங்கள். அவர்கள் உங்கள் பாட்டை விரும்பிக் கேட்டவர்கள். பணம் வராமல் போனதற்குக் காரணம், பாட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது பெயரும் இலக்கமும் பங்குக் கணக்கும் இல்லாமல் புறப்பட்டதுதான். டிஜிட்டல் ரோயல்டி ஆளைத் தேடி வராது, பதிவைத் தேடித்தான் வரும். பதிவு இல்லாத பாட்டின் பணம் எங்கோ ஒரு கணக்கில் பெயரில்லாமல் கிடக்கும், அல்லது முந்திப் பதிந்தவரின் கணக்குக்குப் போகும்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. இது விளங்காவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது. வரியும் மெட்டும் சேர்ந்தது ஒன்று, அது பாடல். அந்தப் பாடலை ஒரு நாள் ஒரு மைக்குக்கு முன்னால் பாடிப் பதிந்தது மற்றொன்று, அது ஒலிப்பதிவு. பாடலின் உரிமை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும். ஒலிப்பதிவின் உரிமை, அந்தப் பதிவைச் செய்ய முன்வந்து பொறுப்பெடுத்த தயாரிப்பாளருக்கு. பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. நாளைக்கு வேறொருவர் அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிந்தால் ஒலிப்பதிவுப் பணம் அவருக்குப் போகும், பாடல் பணம் அப்போதும் உங்கள் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும்தான் வரவேண்டும். இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளமான ஸ்பொட்டிஃபையும் யூடியூப்பும் இந்த இரண்டின் பணத்தையும் இரண்டு குழாயில் அனுப்புகின்றன. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஒரு குழாயை மட்டும் திறந்துவிட்டு மற்றதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி படைப்பு உருவான கணத்திலேயே பாதுகாப்பு வந்துவிடும். எங்கும் பதியத் தேவையில்லை. பாடலுக்குப் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும். ஒலிப்பதிவுக்கும் நிகழ்த்துகைக்கும் 50 ஆண்டு. 'பாட்டை எனக்கே தபாலில் பதிவு செய்து அனுப்பி உடைக்காமல் வைத்திருக்கிறேன்' என்று பலர் சொல்வார்கள். அதனால் புதிதாக ஒரு உரிமையும் பிறக்காது. சமாதான நீதவான் முன் முடிக்கும் சத்தியக் கடதாசியும் அப்படித்தான்: ஒரு சான்றாக நிற்கும், அவ்வளவே. இவற்றைவிடப் பலமான சான்று கணினியிலேயே இருக்கிறது. புரோகிராமிங் செய்த புரொஜெக்ட் கோப்பு, தனித்தனித் தடங்கள், முதலில் பாடிப் பிழைத்த டேக்குகள், மெட்டுக்காகத் தொலைபேசியில் முணுமுணுத்த குரல் பதிவு. களவெடுத்தவரிடம் முடிந்த எம்பி3 மட்டும்தான் இருக்கும். ஸ்டூடியோக்காரரிடம் இடம் போதாதென்று அவற்றை அழிக்க விடாதீர்கள். ஒரு பென்ட்ரைவில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது பங்குத்தாள். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, ஒரு ஏ4 தாள் போதும். மேலே பாட்டின் தலைப்பு, பதிந்த திகதி, இடம். பிறகு இரண்டு அட்டவணை. முதலாவது பாடல்: வரி 50 வீதம், மெட்டு 50 வீதம் என்பது வழமையான தொடக்கம், வேறு மாதிரி இணங்கினால் அப்படி எழுதுங்கள். புரோகிராமிங் செய்தவர் ஆரம்ப இசையையும் இடை இசையையும் தானே உருவாக்கியிருந்தால் மெட்டுப் பங்கில் அவருக்கு இடம் உண்டா என்பதை இந்த இடத்தில் பேசி முடியுங்கள், சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். இரண்டாவது ஒலிப்பதிவு: ஸ்டூடியோக் காசு கொடுத்தது யார், அவர் போட்ட காசு திரும்பிய பிறகு மிச்சம் எப்படிப் பிரியும், பாடியவருக்கு ஒரேயடியாகக் கொடுத்ததா அல்லது வருவதில் பங்கா. இரண்டு அட்டவணையும் தனித்தனியே நூறு வீதம் வரவேண்டும். எல்லோரும் அடையாள அட்டை இலக்கத்துடன் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. உரிமையை வேறொருவருக்கு மாற்றுவது எழுத்திலும் கையெழுத்திலும் இருந்தால்தான் எங்கள் சட்டத்தில் செல்லும். 'வாயால் சொன்னான், அப்பவே எல்லாம் எனக்குத்தான்' என்ற பேச்சுக்குப் பெறுமதி இல்லை.

பெயர் எழுதுவதில் ஒரு எச்சரிக்கை. செல்வராசா என்ற பெயரை ஆங்கிலத்தில் எஸ் போட்டுத் தொடங்கலாம், சி எச் போட்டும் தொடங்கலாம். முடிவில் எஸ் போடலாம், ஜே போடலாம். மனிதனுக்கு அது ஒரே ஆள். தரவுத்தளத்துக்கு நாலு ஆள். ஒரு பாட்டில் ஒரு எழுத்திலும் அடுத்த பாட்டில் இன்னொரு எழுத்திலும் கொடுத்தால் வருமானம் நாலு கணக்காகச் சிதறும், சிலவேளை அதே பெயருள்ள தமிழ்நாட்டுப் பாடகரின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பங்குத்தாளில் ஒவ்வொருவரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலை நிரந்தரமாக முடிவுசெய்து எழுத வேண்டும். வங்கிக் கணக்கிலும் அடையாள அட்டையிலும் உள்ள பெயர் வேறாக இருந்தால் அதையும் பக்கத்தில் குறியுங்கள்.

இனி வட்ஸ்அப். ஒரு பாட்டுக் கோப்பை ஒலியாக அனுப்பினால் மறுபக்கத்தில் அது எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று உங்கள் தொலைபேசியில் திறந்து பாருங்கள். ஏ யூ டி என்று தொடங்கி, ஒரு கோடு, திகதி இலக்கங்கள், பிறகு டபிள்யூ ஏ, நாலு இலக்கம். பாட்டின் பெயர் போய்விட்டது, பாடியவர் பெயர் போய்விட்டது. நாலாவது கையிலிருந்து வாங்குகிறவருக்கு அது யாருடையது என்று அறிய வழியே இல்லை. பஸ் நிலையத்தடிக் கடையில் சிப்புக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பவருக்கும் தெரியாது. கோப்பின் வெளிப்பெயர் மாறினாலும் உள்ளே எழுதிய குறிப்புகள் பொதுவாகப் பிழைத்திருக்கும். அதனால் வெளியே விட முன் எம்பி3டாக் போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து தலைப்பு, பாடகர், கவிஞர், இசையமைப்பாளர், ஆண்டு, உங்கள் யூடியூப் சனலின் பெயர் எல்லாவற்றையும் நிரப்புங்கள். அட்டைப் படத்தை 600 பிக்சல் சதுரத்தில் உள்ளே பதியுங்கள். 3000 பிக்சல் படத்தை அப்படியே வைத்தால் கோப்பு வீணாகப் பெருக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி, நாலு நிமிடப் பாட்டு 4 எம்பி. மாஸ்டர் வேவ் கோப்பு, அதாவது சுருக்காத மூலப் பதிவு, நிமிடத்துக்கு 10 எம்பி. அதை மட்டும் குழுக்களில் ஒருபோதும் போடாதீர்கள். மற்றவர்கள் உங்கள் பெயரில்லாமல் வெளியிடுவதற்கு நீங்களே நல்ல தரத்தில் பொருள் கொடுத்ததாகிவிடும்.

சட்டப்படி, முறையாகக் கிடைத்த பிரதியிலிருந்து தன் சொந்தப் பாவனைக்கு ஒருவர் ஒரு பிரதி எடுப்பது குற்றமில்லை. இருநூறு பேர் உள்ள குழுவுக்கு அனுப்புவது, காசுக்குச் சிப்பில் ஏற்றுவது, இன்னொரு சனலில் போடுவது எல்லாம் அந்த விலக்குக்குள் அடங்காது. வேண்டுமென்றே செய்த மீறலுக்கு நீதவான் நீதிமன்றத்தில் முதல் தடவை 6 மாதம் வரை சிறையோ 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் நட்டஈட்டு வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், திருகோணமலையிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். சில ஆயிரம் ரூபா பெறுமதியான பிரச்சினைக்கு அது முதல் படி ஆகாது. முதல் படி, சனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் பாட்டுக்கே உங்கள்மீது உரிமைக் கோரல் வந்தால் பதறி வீடியோவை அழிக்காதீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவுக்கு நேரே கட்டுப்பாடுகள் என்ற இடத்தில் பதிப்புரிமை என்று இருக்கும், அதைத் திறந்து விவரத்தைப் பாருங்கள். எந்தப் பாட்டுக்காகக் கோரப்பட்டது, கோரியவர் யார், உங்கள் வீடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று காட்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழுப் பாட்டும் பொருந்தியிருந்தால், உங்கள் எம்பி3யை எடுத்து யாரோ தங்கள் பெயரில், தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம் ஒன்றினூடாக வெளியிட்டு, பாட்டுகளைத் தானாக அடையாளம் காணும் யூடியூப்பின் கொன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டார்கள். 42ஆம் செக்கனிலிருந்து 56ஆம் செக்கன் வரை மட்டும், அதுவும் நீங்கள் கேள்விப்படாத தெலுங்குப் பாட்டோடோ வேற்று நாட்டுப் பாட்டோடோ பொருந்தியதாகக் காட்டினால் அது களவு இல்லை, லூப், அதாவது பலரும் எடுத்துப் போடும் ஆயத்த ஒலித்துண்டு.

இந்த லூப் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், வீட்டு ஸ்டூடியோக்களில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இதிலிருந்து வருகிறது. கொன்டென்ட் ஐடி மனிதக் காதால் கேட்பதில்லை. பதியப்பட்ட ஒவ்வொரு ஒலிப்பதிவிலிருந்தும் ஒரு கைரேகை எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்றப்படும் வீடியோக்களில் அந்த ரேகையைத் தேடுகிறது. உங்கள் புரோகிராமர் ஒரு சாம்பிள் தொகுப்பிலிருந்து தவில் லூப் ஒன்றையும் நாதஸ்வரத் துண்டு ஒன்றையும் எடுத்துப் போட்டிருப்பார். அவற்றைப் பயன்படுத்த அனுமதியும் இருக்கும். அதே லூப்பை உலகத்தில் இன்னும் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை முந்திக் கொன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால், குரல் இல்லாமல் லூப் மட்டும் ஒலிக்கும் இடத்தில் உங்கள் பாட்டின் ரேகையும் அவருடைய ரேகையும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தில் லூப்பைத் தனியாக விடாமல், மேலே ஒரு புல்லாங்குழலோ குரல் ஹம்மிங்கோ வந்தால் பொருத்தம் குறையும். நல்ல வழி, தெரிந்த ஒரு தவில் வித்துவானைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் வாசிக்கச் செய்து பதிவது. திருகோணமலையில் கோயிலுக்குக் கோயில் வித்துவான்கள் இருக்கிறார்கள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் கேட்கும் அந்த அடி எந்த சாம்பிள் தொகுப்பிலும் இல்லை. அவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு, பங்குத்தாளில் எழுதுங்கள்.

இதே காரணத்தால், பொது லூப்போ கடையில் வாங்கிய பீட்டோ உள்ள பாட்டை நீங்களும் கொன்டென்ட் ஐடிக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அதே லூப் போட்ட பிறரின் வீடியோக்களை உங்கள் பெயரில் பிடிக்கும். முறைப்பாடு வந்ததும் விநியோக நிறுவனம் உங்கள் கணக்கையே மூடிவிடலாம்.

கோரல் பிழையென்றால் மறுப்புக் கொடுங்கள். மறுதரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். சனலில் வருமானம் வருகிறதென்றால் கோரல் வந்து 5 நாளுக்குள் மறுப்புக் கொடுப்பது முக்கியம்; அப்போதுதான் முதல் நாளிலிருந்து வந்த பணம் முழுவதும் தீர்வு வரும்வரை தனியே ஒதுக்கப்படும், பிந்தினால் மறுத்த நாளிலிருந்துதான் ஒதுக்குவார்கள். அவர்கள் மறுப்பை நிராகரித்தால் மேன்முறையீடு, அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 7 நாள். அதற்குள் அவர்கள் கோரலைக் கைவிடவேண்டும் அல்லது வீடியோவை நீக்கும்படி முறையாகக் கேட்கவேண்டும். கேட்டால் உங்கள் சனலுக்கு ஸ்ட்ரைக் என்ற ஒரு தண்டனைப் புள்ளி விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனல் போய்விடும். அந்த இடத்தில் உங்களிடம் உள்ள கடைசிக் கருவி, நீக்கியது பிழை என்று முறையாகக் கொடுக்கும் எதிர் அறிவித்தல். அமெரிக்க வேலை நாட்கள் 10க்குள் அவர்கள் வழக்குத் தொடர்ந்ததாகக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். எதிர் அறிவித்தலில் உண்மையான பெயரும் முகவரியும் மறுதரப்புக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற நியாயாதிக்கத்தை ஏற்றுக் கையெழுத்திடவும் வேண்டும். ஆகவே புரொஜெக்ட் கோப்பும் பங்குத்தாளும் கையில் இருக்கும்போது மட்டும் அதில் இறங்குங்கள். களவாக வெளியிட்ட பாட்டின் பக்கத்தில் கீழே வட்டத்துக்குள் பீ எழுத்துள்ள குறியோடு ஒரு வெளியீட்டாளர் பெயர் இருக்கும். அதை வைத்து எந்த விநியோக நிறுவனம் என்று பிடித்து, அவர்களின் பதிப்புரிமைப் படிவத்திலும் ஒரே நாளில் முறையிடுங்கள். பெரும்பாலும் யூடியூப்பைவிட இங்கேதான் வேகமாகத் தீர்வு வரும், ஏனென்றால் அந்தக் கணக்கின் பணத்தை நிறுத்திவைக்கும் சாவி அவர்களிடம் இருக்கிறது.

இரண்டு இலட்சம் பார்வை போன அந்த மற்ற வீடியோவை என்ன செய்வது? நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யூடியூப்பின் நீக்கல் படிவத்தில் வீடியோவின் இணைப்பு, பாட்டின் விவரம், உங்கள் சட்டப் பெயர் எல்லாம் கொடுக்கவேண்டும். உடனே நீக்குவதா, 7 நாள் அவகாசம் கொடுப்பதா என்று நீங்களே தெரிவுசெய்யலாம். என் அபிப்பிராயம், நீக்காதீர்கள். பாட்டை உங்கள் விநியோக நிறுவனத்தினூடாகக் கொன்டென்ட் ஐடியில் பதிந்தால், ஏற்கனவே ஏறிக் கிடக்கும் வீடியோக்களையும் அது தேடிப் பிடிக்கும். அந்த வீடியோ அப்படியே இருக்க, அதில் இனி வரும் விளம்பரப் பணம் உங்கள் பக்கம் திரும்பும். இரண்டு இலட்சம் பேர் கேட்கப் பழகிய இடத்தை இடிப்பதைவிட அதற்கு வாடகை வாங்குவது நல்லது. சில நிறுவனங்கள் இந்த வருமானத்தில் 20 வீதம் எடுக்கும். உங்கள் சொந்தச் சனலை விலக்குப் பட்டியலில் போடச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உங்கள் நிறுவனமே உங்கள் வீடியோவைப் பிடிக்கும்.

அடுத்த பாட்டிலிருந்து வரிசையை மாற்றுங்கள்: முதலில் உங்கள் சனலில் ஏற்றம், பிறகுதான் வட்ஸ்அப். யூடியூப்பின் பதிப்புரிமைப் பொருத்தக் கருவி முதலில் ஏறியதை மூலமாக வைத்து, அதற்குப் பிறகு ஏறியவற்றைத்தான் காட்டும். ஒரு நாள் பிந்தினால்கூட நீங்கள் பிரதி, அவர் மூலம். சனலில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸில் 1 கோடி பார்வை. நீள வீடியோ விளம்பரத்தில் 55 வீதமும் ஷோர்ட்ஸில் 45 வீதமும் சனலுக்கு. யூடியூப் பணம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரி உறுதிக்கு ஒரு இரகசிய இலக்கம் தபாலில் வரும். ஒழுங்கை, வீட்டு இலக்கம், தபாற் குறியீடு 31000 எல்லாம் சரியாகக் கொடுக்காவிட்டால் கடிதம் தொலையும். 100 டொலர் நிரம்பினால்தான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலுமிருந்து வரும் வருமானத்தில் 24 வீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களின் பங்குக்கு மட்டும்தான் பிடிப்பு, இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால் அதையும் குறைக்கலாம். படிவத்தில் ஒப்பந்தக் கேள்விக்கு ஆம் என்று போட வேண்டும்.

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில் வந்தது. அதற்கு நேரடியாகப் பாட்டுக் கொடுக்க முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனம் ஒன்று வேண்டும். தெரிவுசெய்ய முன் இரண்டு விஷயம் பாருங்கள். இலங்கைக் கணக்குக்குப் பணம் எந்த வழியாக வரும்? ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் பாட்டு இறக்கப்படுமா? சந்தா முறையில் ஒரு வருடம் மறந்தால் பாட்டு காணாமல் போகும். ஒருமுறைக் கட்டணம் எடுப்பவர்கள் வருமானத்தில் பங்கு எடுப்பார்கள். வருடத்துக்கு ஒரு பாட்டுச் செய்யும் குழுவுக்கு ஒருமுறைக் கட்டணம்தான் பொருத்தம்.

கொடுக்கவேண்டியது 44.1 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பு, 16 அல்லது 24 பிட், கூடவே 3000 பிக்சல் சதுர அட்டை. வட்ஸ்அப்பில் போன எம்பி3யை வேவ் ஆக மாற்றிக் கொடுப்பதால் தரம் திரும்பாது. நிறுவனம் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து இலக்கக் குறியீடு தரும். இதுதான் உங்கள் ஒலிப்பதிவின் அடையாள அட்டை. பங்குத்தாளில் எழுதிவையுங்கள். பிறகு நிறுவனம் மாறினாலும் அதே குறியீட்டையே கொடுக்கவேண்டும், புதிது வாங்கினால் பாட்டு கேட்கப்பட்ட எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

ஒரு தடவை கேட்டால் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். நிலையான விலை எதுவும் இல்லை. ஸ்பொட்டிஃபை தன் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது, அது பாட்டுகள் கேட்கப்பட்ட மொத்தத் தடவைகளின்படி பிரிகிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு நாட்டில் ஒரு மாதம் பிரிக்க 1 கோடி ரூபா இருக்கிறது, அங்கே எல்லாப் பாட்டும் சேர்ந்து 5 கோடி தடவை கேட்கப்பட்டன, உங்களுடையது 10,000 தடவை என்று வைப்போம். உங்கள் பங்கு 0.02 வீதம், அதாவது 2,000 ரூபா. சந்தா கூடிய நாட்டில் அதே 10,000 தடவைக்குப் பல மடங்கு வரும். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள உங்கள் ஊர்க்காரர் கோப்பைச் சேமித்துக் கேட்பதற்குப் பதிலாக இணைப்பைத் தட்டிக் கேட்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று இதிலிருந்து தெரியும். உள்ளூரில் டேட்டாக் காசுக்குப் பயந்து கோப்பாகவே கேட்பார்கள், அவர்களை வற்புறுத்தாதீர்கள். வெளிநாட்டுக் குழுக்களுக்கு இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.

ஸ்பொட்டிஃபையில் 30 செக்கன் தாண்டினால்தான் ஒரு தடவையாகக் கணக்கு. ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் 2024 முதல் ஒலிப்பதிவு ரோயல்டி இல்லை. அந்த ஆயிரத்தை எட்ட யாருக்காவது காசு கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டினால், போலி எண்ணிக்கை என்று பிடிபட்டுத் தண்டம் விநியோக நிறுவனத்துக்கு விழும், அவர்கள் அதை உங்கள் தலையில் போட்டுப் பாட்டையும் இறக்குவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒலிப்பதிவுக் குழாய். கவிஞரும் இசையமைப்பாளரும் திறக்கவேண்டிய குழாய் வேறு. பாடலுக்கான பணத்தை விநியோக நிறுவனம் பொதுவாகக் கொண்டுவராது. பாடலாசிரியர் சங்கங்களும் பதிப்பு நிர்வாக நிறுவனங்களும்தான் கொண்டுவரும். இந்தியாவில் ஐபிஆர்எஸ், பிரித்தானியாவில் பிஆர்எஸ், கனடாவில் சோகான். ஒரே உரிமையை இரண்டு சங்கத்துக்குக் கொடுக்கக்கூடாது. ஒன்றில் சேர்ந்தால் அது மற்ற நாட்டுச் சங்கங்களோடுள்ள ஒப்பந்தத்தால் அங்குள்ளதையும் வாங்கும். அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கின் பாடல் பங்கை வாங்கிப் பிரிக்க 2021 ஜனவரி 1ஆம் திகதி எம்எல்சி என்ற அமைப்பு தொடங்கியது. அடுத்த மாதமே ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதனிடம் ஒப்படைத்த தொகை 42 கோடி டொலருக்கு மேல். யாருடையதென்று பொருத்தமுடியாமல் பல வருடமாகச் சேர்ந்து கிடந்த பணம் அது. எழுதியவர் பெயர் இல்லாமல், பங்கு வீதம் இல்லாமல் வெளியான பாட்டுகளுடையது. அமெரிக்க இணைய வானொலிகளில் ஒலித்தால் ஒலிப்பதிவுப் பணத்தைச் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வாங்கும்: 50 வீதம் ஒலிப்பதிவு உரிமையாளருக்கு, 45 வீதம் முதன்மைப் பாடகருக்கு, 5 வீதம் பின்னணிக் கலைஞர்களுக்கு. பதிவது இலவசம்.

சினிமாப் பாட்டைப் பாடி ஏற்றுபவர்களும் இதே கேள்வியைக் கேட்பதால் ஒரு சொல். கலியாண மேடையில் பாடுவது வேறு, பதிந்து ஏற்றுவது வேறு. நீங்கள் புதிதாக வாசித்துப் பாடினால் ஒலிப்பதிவு உங்களுடையது, பாடல் அவர்களுடையது. கோரல் வந்து விளம்பரப் பணம் அவர்கள் பக்கம் போவதே வழமை. இறக்கிய கரோக்கி தடத்தின் மேல் பாடினால் ஒலிப்பதிவிலும் மீறல். இந்தியாவில் 2012இல் சட்டத்தைத் திருத்தி, கவிஞரும் இசையமைப்பாளரும் ரோயல்டி பெறும் உரிமையைச் சட்டப்படியான வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். 2017இல் இளையராஜா தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடுவது குறித்து எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கே சட்ட அறிவித்தல் அனுப்பினார். மேடையும் கணக்கில் வரும் என்று தமிழர்கள் பரவலாக அறிந்தது அப்போதுதான். ஞானசம்பந்தர் கோணமலைமீது பாடிய பதிகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, அது 7ஆம் நூற்றாண்டு. ஆனால் இன்னொருவர் பாடிப் பதிந்த பதிவை எடுத்துப் போட முடியாது. நீங்கள் பாடுங்கள், உங்களுடையதாகும்.

கடைசியாக அந்த பஸ், ஹொட்டல், வானொலி. வெளியிட்ட ஒலிப்பதிவை வானொலியில் ஒலிபரப்பினாலோ பொது இடத்தில் போட்டாலோ நியாயமான ஊதியம் கொடுக்கவேண்டும் என்று எங்கள் சட்டம் சொல்கிறது. அது தயாரிப்பாளருக்குப் போய், வேறு இணக்கம் இல்லாவிட்டால் பாதி நிகழ்த்துநர்களுக்குப் பிரியவேண்டும். வானொலியிடம் இதை எழுத்தில் கேளுங்கள், ஐஎஸ்ஆர்சி இலக்கத்தோடும் பங்குத்தாளின் பிரதியோடும். நிலாவெளி ஹொட்டல் உங்கள் பாட்டை விரும்பிப் போடுகிறதென்றால், ஒரு நேரடி நிகழ்ச்சிக்கு விலை பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. பஸ் சாரதியோடு மல்லுக்கட்ட வேண்டாம். குறிப்புகள் நிரப்பிய புதிய கோப்பைக் கொண்டுபோய் அவருடைய பென்ட்ரைவில் பழையதை அழித்துவிட்டு ஏற்றிக் கொடுங்கள். முன்னாலுள்ள திரையில் பாட்டின் பெயரும் உங்கள் பெயரும் ஓடட்டும். அந்தக் கோப்பையே முதலில் அனுப்பிய அந்த இரண்டு வட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பப் போடுங்கள், இந்த முறை மேலே இணைப்பையும் வைத்து.